உப்புத் தண்ணீர் வீட்டில் ஒற்றை நிற டைல்ஸ்: ஒரு குளியலறையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையின் மேற்குப் பக்கத்தில், 1990களின் கடைசியில் கட்டிய தனி வீடு. வீட்டில் இருப்பது இரண்டே பேர்: எழுபதைத் தாண்டிய அம்மாவும் அவரைவிடச் சில வயது மூத்த அப்பாவும். செலவை ஏற்றது வெளியூரில் வேலை பார்க்கும் மகள். நான் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை எடுத்துச் செய்பவன். படுக்கையறையை ஒட்டிய குளியலறைக்காக என்னை அழைத்திருந்தார்கள்.

அழைத்த காரணம் டைல்ஸ் இல்லை. படுக்கையறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயின்ட் உப்பிக்கொண்டு வந்தது. குளியலறையில் பழைய வெள்ளை டைல்ஸ், எட்டுக்கு எட்டு அங்குலம். குழாயின் கீழே செம்பழுப்புக் கறை. உப்பு படியும்போதெல்லாம் பல வருடங்களாக ஆசிட் ஊற்றிக் கழுவியதில் ஜாயின்டில் இருந்த சிமென்ட் கரைந்து, சில இடங்களில் விரல் நகம் நுழையும் அளவு பள்ளம். விரலால் தட்டினால் பாதிச் சுவர் ‘டொக் டொக்’ என்று வெற்றோசை தந்தது. முழுதாகப் பெயர்த்து, குழாய்களை மாற்றி, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசி, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்தோம். கசியவில்லை. இந்தப் பகுதியைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுதப் போவதில்லை.

அப்புறம்தான் கேள்வி வந்தது: சுவருக்கு என்ன போடுவது?

மகள் ஒரு படம் வைத்திருந்தார். தரையிலிருந்து கூரை வரை பாட்டில் பச்சை, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, பித்தளைக் குழாய்கள். அப்பாவுக்கு வெள்ளைதான் வேண்டும். “வெள்ளைன்னாத்தானுங்க அழுக்கு எங்க இருக்குதுன்னு தெரியும்” என்றார். அம்மா எதுவும் கேட்கவில்லை. வழுக்காமல் இருந்தால் போதும் என்றார்.

அறை ஐந்தடிக்கு எட்டடி. மேற்குச் சுவரில் ஏழடி உயரத்துக்கு மேல் ஒரு சின்ன வென்டிலேட்டர், மற்றபடி ஜன்னல் கிடையாது. ஒரு மூலையில் மேலிருந்து இறங்கும் பைப்பை மறைக்கச் செங்கல் கட்டி மூடியிருந்தது. கோவையில் பல வீடுகளைப் போல இங்கேயும் குடிக்கச் சிறுவாணி, புழங்க போர்வெல். குளியலறைக்கு வருவது மாடித் தொட்டியில் ஏற்றிய போர்வெல் தண்ணீர் மட்டும்தான்.

கடையில் கண்டது

அம்மா, அப்பா, நான் மூவரும் டைல்ஸ் கடைக்குப் போனோம். மகள் வீடியோ அழைப்பில் இருந்தார். நம் ஊர்க் கடைகளில் பாத்ரூம் டைல்ஸை வரிசையாக மாட்டி வைத்திருக்கும் முறை எல்லோரும் பார்த்ததுதான்: கீழே டார்க், மேலே லைட், நடுவில் பூவோ கூழாங்கல்லோ அச்சிட்ட ஹைலைட்டர். மூன்றும் சேர்ந்து ஒரு செட். ஒற்றை நிறம் வேண்டும் என்றதும் கடைக்காரர் உள்ளே போய்த் தேடித்தான் எடுத்து வந்தார். “ப்ளெயின் எடுத்தா எல்லாம் தெரியும்ங்க. டிசைன் இருந்தா உப்புக்கறையும் தெரியாது, ஜாயின்ட் கோணலும் தெரியாது” என்றார்.

விற்பனைக்காகச் சொன்ன பேச்சு என்று அதை ஒதுக்க முடியாது. அவர் சொன்னது முழுக்கச் சரி. அச்சிட்ட டைல்ஸில் கண் பூவைப் பார்க்கும். ஒற்றை நிறச் சுவரில் கண் பார்க்கப் பூ இல்லை. கோடுகளையும் கறையையும் வேலைப்பாட்டையும்தான் பார்க்கும். அது தெரிந்தே நான் ஒற்றை நிறத்தின் பக்கம் நின்றேன். இந்த அறை நாற்பது சதுர அடி. அதற்குள் ஏற்கெனவே கழிப்பறைக் கோப்பை, வாஷ்பேசின், கீசர், குழாய்கள், பக்கெட், கைப்பிடிக் கம்பிகள் என்று பத்துப் பொருள் இருக்கிறது. மங்கிய கண்ணுள்ள ஒருவர் அந்தப் பத்தையும் சட்டென்று அடையாளம் காண வேண்டுமென்றால், பின்னால் இருக்கும் சுவர் அமைதியாக இருக்க வேண்டும்.

கடையிலேயே முடிவெடுக்க வேண்டாம் என்று மட்டும் அன்று சொன்னேன். கடைக் கூரை முழுக்க வெளிச்சம். தண்ணீர் படாத டைல்ஸ். உள்ளங்கை அகலத் துண்டை இரண்டடி தூரத்தில் பார்த்துவிட்டு நூறு சதுர அடிக்கு நிறம் சொல்வது சூதாட்டம். ஐந்து நிறங்களில் இரண்டிரண்டு முழு டைல்ஸை விலை கொடுத்து வாங்கி வந்தோம்: பளபளப்பான பாட்டில் பச்சை, பளபளப்பான கருநீலம், வெந்தய மஞ்சள், வெள்ளை, பிறகு கடைக்காரர் ‘சேஜ் கிரீன்’ என்று சொன்ன, பச்சையும் சாம்பலும் கலந்த மங்கல் நிறம். கடைசி நிறம் பளபளப்பும் இல்லாமல், ‘மேட்’ என்று சொல்லும் பளபளப்பே அற்ற முகமும் இல்லாமல் நடுவாந்தரமான சாட்டின் மெருகு. எல்லாம் ஒன்றுக்கு இரண்டடி அளவு.

பத்து நாள் சோதனை

பூச்சு முடிந்து காலியாக இருந்த அறையிலேயே டைல்ஸைச் சுவரோரம் நிறுத்தி வைத்தோம். தினமும் காலையில் அப்பா தொட்டித் தண்ணீரை ஒரு கப் எடுத்து ஒவ்வொன்றின் மேலும் ஊற்றுவார். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு டைலை உடனே துடைத்துவிடுவார், இன்னொன்றைக் காயவிடுவார். அவருக்கு இந்த வேலை பிடித்துப்போய், ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் தேதி போட்டுக் குறிப்பும் எழுதினார்.

துடைக்காத பாட்டில் பச்சையில் மூன்றாம் நாளே வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தன. ஐந்தாம் நாள் தண்ணீர் வழிந்த தடமெல்லாம் சுண்ணாம்புக் கோடாக நின்றது. கருநீலம் அதைவிட மோசம். துடைத்த டைல்ஸில்கூடத் துணி போன வழி வட்ட வட்டமாகத் தெரிந்தது. வெந்தய மஞ்சளில் அவ்வளவாக இல்லை. வெள்ளையில் உப்பு தெரியவே இல்லை. ஆனால் வெள்ளையின் விதியைப் பெயர்த்தெடுத்த பழைய சுவரிலேயே பார்த்துவிட்டோம்: தண்ணீரில் இரும்பு இருப்பதால் காலப்போக்கில் பழுப்பு இறங்கும். மங்கல் பச்சையில் உப்பு படிந்திருந்தது. தடவினால் விரலில் நறநறத்தது. ஆனால் நான்கடி தள்ளி நின்றால் கண்ணுக்குத் தெரியவில்லை.

தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்தோம். கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராமை ஒட்டி வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஏற்கத்தக்க அளவாக 200-ஐயும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் உச்ச வரம்பாக 600-ஐயும் சொல்கிறது. அந்த உச்சத்தில் இருக்கும் தண்ணீர் காயும்போது கால்சியம், மெக்னீசியம் உப்புகளை விட்டுவிட்டுத்தான் போகும். எந்த டைல்ஸாலும் அதைத் தடுக்க முடியாது. அது கண்ணில் படுமா படாதா என்பதை மட்டும்தான் நிறத்தால் மாற்ற முடியும்.

வெளிச்சத்தையும் பார்த்தோம். அறையில் பழையபடி 6500 கெல்வின் எல்.இ.டி. இருந்தது, கடைகளில் ‘கூல் டே லைட்’ என்று கொடுக்கும் நீலச் சாயல் வெள்ளை. அதில் வெந்தய மஞ்சள் செத்துப்போன மாதிரி ஆனது. மங்கல் பச்சை நீலமாகத் திரும்பி ஆஸ்பத்திரி வராந்தாவை நினைவூட்டியது. 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு போட்டால் பச்சை பாசி நிறமானது. 4000 கெல்வினில்தான் பகலில் வென்டிலேட்டர் வெளிச்சத்தில் பார்த்த நிறத்துக்கு நெருக்கமாக இருந்தது. ஒரு பல்பின் விலையில் சுவரின் நிறமே மாறுகிறது. டைல்ஸுக்கு முன்னால் விளக்கை முடிவு செய்வது என் வேலைகளில் அதற்குப் பிறகு வழக்கமாகிவிட்டது.

இன்னொன்றும் அந்தச் சின்ன அறையில் தெரிந்தது. எதிரெதிர்ச் சுவர்கள் ஐந்தடி இடைவெளியில் இருந்தால் ஒன்றின் நிறம் மற்றதில் படும். இரண்டு பாட்டில் பச்சை டைல்ஸை எதிரெதிரே நிறுத்தியபோதே நடுவில் நின்ற வெள்ளை டைலில் பச்சை ஏறியது. நான்கு சுவரும் அப்படி இருந்தால், கையில் பிடித்துப் பார்த்த துண்டைவிட அறை பல மடங்கு அடர்த்தியாகத் தெரியும்.

அம்மாவின் கண்

அம்மாவுக்கு வலது கண்ணில் கண்புரை அறுவைச் சிகிச்சை தள்ளிப்போயிருந்தது. இடது கண்ணில் வேறு காரணத்தால் பல வருடமாகவே பார்வை குறைவு. அதனால் நிறம் பார்ப்பதெல்லாம் வலது கண்ணை நம்பித்தான். கண்புரையில் கண்ணின் வில்லை பழுத்து மஞ்சளாகிவிடும். நீலச் சாயல்கள் மங்கும். அடர் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

எட்டாம் நாள் அவரைக் குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒவ்வொரு டைலாகக் காட்டினேன். நிறங்களுக்குச் சேலைப் பெயர்கள்தான் சொன்னார். மஞ்சளை “வெந்தயக் கலர்” என்று சரியாகச் சொன்னார். பாட்டில் பச்சை, கருநீலம் இரண்டுக்கும் “கருப்பு” என்றார். மங்கல் பச்சையைப் பார்த்து, “இது சாம்பல் கலரு” என்றார். நான் திருத்தவில்லை.

பிறகு வெள்ளைக் கைப்பிடிக் கம்பி ஒன்றை ஒவ்வொரு டைலின் முன்னாலும் பிடித்து, எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வெள்ளை டைலின் முன் அவர் கை தேடியது. மங்கல் பச்சையின் முன் நேராகப் போய்ப் பிடித்தார். கருநீலத்தின் முன்னாலும் பிடித்தார், ஆனால் அந்த டைலை “பொந்து மாதிரி இருக்குது” என்றார். அந்தச் சொல் எனக்கு முக்கியமாகப் பட்டது. தரையில் கருப்புப் பட்டை போட்டிருந்தால், இந்தக் கண்ணுக்கு அது படியாகவோ பள்ளமாகவோ தெரிந்து கால் தயங்கியிருக்கும்.

வெள்ளைச் சுவர் வேண்டும் என்ற அப்பாவின் வாதம் அந்த நாற்காலியோடு முடிந்தது. மனைவியின் கை வெள்ளையில் தடவியதை அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். மகளிடம் அவரே ஃபோனில் சொன்னார்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

சுவரில் கீழே நான்கடி வரை மங்கல் பச்சை. அதற்கு மேல் ஏழடி வரை ஹாஃப் ஒயிட். அம்மாவின் கை போகும் உயரம், கைப்பிடி, வெஸ்டர்ன் டாய்லெட், வாஷ்பேசின் எல்லாம் நான்கடிக்குள் வந்துவிடுகின்றன. வெள்ளைப் பொருள்கள் பச்சைமேல் எடுப்பாகத் தெரியும். மேலே வெளிர் நிறம் வந்தால், அந்த ஒற்றை வென்டிலேட்டர் தரும் கொஞ்ச வெளிச்சமும் வீணாகாது. மகளுக்குப் பச்சை கிடைத்தது, அவர் நினைத்த பச்சை இல்லை என்றாலும். பாட்டில் பச்சை தண்ணீர் ஊற்றிய படங்களை அனுப்பியபின் அவர் வாதாடவில்லை.

தரைக்குச் சுவரைவிட அடர்த்தியான நடுத்தரச் சாம்பல், ஒன்றுக்கு ஒன்று அடி, வழுக்காத மேட் விட்ரிஃபைடு. சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதே சமயம் திடுக்கிடும் கோடும் இருக்கக் கூடாது. சுவர் டைல்ஸையே தரைக்கும் போட்டால் ஒரே மாதிரி இருக்குமே என்று மகள் கேட்டார். சுவருக்கு வரும் சாதாரண செராமிக் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சும் வகை. விட்ரிஃபைடு அரை சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது. பலமும் வேறு. சுவருடையது சுவரில்தான் இருக்க வேண்டும்.

பதிக்கும் முறையில் எனக்கும் டைல்ஸ் மேஸ்திரிக்கும் கொஞ்சம் பேச்சு நடந்தது. செங்கல் வரி மாதிரி மாற்றி மாற்றி வைத்தால் அழகாக இருக்கும் என்றார் அவர். இரண்டடி நீள டைலைப் படுக்க வைத்துக் கண்ணுக்கு நேரே பார்த்தால் நடுவில் மிக லேசான வளைவு இருக்கும். பாதிக்குப் பாதி தள்ளிப் பதித்தால், ஒன்றின் மேடான நடுப்பகுதி அடுத்ததன் தாழ்ந்த முனைக்குப் பக்கத்தில் வரும். பூப் போட்ட டைலில் அது தெரியாது. ஒற்றை நிறத்தில், அதுவும் பக்கவாட்டு வெளிச்சத்தில், ஒவ்வொரு ஜாயின்டிலும் நிழல் விழும். அதனால் நட்டமாக நிற்க வைத்து, நேர் ஜாயின்டில் பதித்தோம். இரண்டு முழு டைல்ஸ் ஒன்றன்மேல் ஒன்று நின்றால் 1200 மில்லிமீட்டர், நான்கடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. நிறம் மாறும் இடத்தில் வெட்டுத் துண்டே வராது. பார்டர் பட்டையும் தேவைப்படவில்லை.

சுவர்க் கணக்கு

ஒற்றை நிறச் சுவரின் அழகில் பாதி, முதல் டைல் ஒட்டும் முன்பே பென்சிலில் முடிந்துவிடுகிறது. நீளச் சுவர் பூச்சுக்குப் பிறகு 2362 மில்லிமீட்டர் இருந்தது. ஒரு மூலையிலிருந்து வைத்துக்கொண்டே போனால் ஏழு முழு டைல்ஸ், கடைசியில் 25 சென்டிமீட்டர் அளவில் ஒரு துண்டு. ஒரு மூலை முழுசாகவும் எதிர் மூலை குறுகலாகவும் நிற்கும். நடுவிலிருந்து பிரித்தால் ஆறு முழு டைல்ஸ், இரண்டு பக்கமும் 27 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டிய சமத் துண்டுகள். முழு டைல் 30 சென்டிமீட்டர் என்பதால் அந்த வித்தியாசம் கண்ணில் படாது. வெட்டு வேலை கூடுகிறது என்று மேஸ்திரி சொன்னார். உண்மைதான். ஆனாலும் அப்படியே செய்தோம்.

அடுத்தது தரைச் சரிவு. எட்டடி நீளத்தில் தண்ணீர் ஓட ஒன்றேகால் அங்குலம் இறக்கம் கொடுத்திருந்தோம். கீழ் வரிசையைத் தரையிலிருந்து தொடங்கியிருந்தால் மேலே போகும் எல்லா வரிசையும் அந்தச் சரிவைத் தூக்கிக்கொண்டு போகும். ரசமட்டம் வைத்து நான்கு சுவரிலும் ஒரே மட்டக்கோடு அடித்து, மரச்சட்டம் தாங்கலாக வைத்து இரண்டாம் வரிசையை முதலில் ஒட்டி, தரை முடிந்த பிறகு கீழ் வரிசையை அளந்து வெட்டினார்கள். தண்ணீர் போகும் முனையில் முழு டைல், கதவு முனையில் ஒன்றேகால் அங்குலம் குறைவு. அந்தச் சாய்வு தரையோடு போய்விட்டது.

ஒட்டியது டைல்ஸ் பசையில். சிமென்ட் சாந்தை நடுவில் உருண்டையாக அப்பி அழுத்தும் பழக்கத்தால்தான் பழைய சுவர் வெற்றோசை கொடுத்தது. மேஸ்திரியின் உதவியாள் வழக்கம்போல டைல்ஸைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டார். அது சிமென்டுக்கான முறை; பசைக்கு டைல் காய்ந்திருக்க வேண்டும். எடுத்து ஒரு நாள் உலர்த்தினோம்.

ஐந்து டைல்ஸ் குறைந்தது

இங்கே தவறு என்னுடையது. பச்சைக்கு நான் போட்ட கணக்கு: பன்னிரண்டு பன்னிரண்டு அங்குல அகலப் பத்திகளாகச் சுவர்களில் 24 பத்தி, பத்திக்கு 2 டைல்ஸ், ஆக 48. வீணாவதற்குப் பத்து சதவீதத்துக்குச் சற்று அதிகமாகச் சேர்த்து, பெட்டிக்கு 6 வீதம் 9 பெட்டி, 54 டைல்ஸ். பைப் மறைப்பின் இரண்டு முகங்களுக்கும் தனியாக வெட்ட வேண்டும் என்பதையும், சோப்பு வைக்க அம்மா கேட்ட சுவர் மாடத்தையும் சதுர அடியில் அடக்கிவிட்டேன். எண்ணிக்கையில் அவை அடங்கவில்லை. மறைப்புக்கு 4, மாடத்துக்கு 3, உடைந்ததும் ஓட்டை தவறியதுமாக 4. மொத்தம் 59 வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் மாலை மேஸ்திரி மீதியை எண்ணிப் பார்த்துவிட்டு, “அஞ்சு பீஸ் குறையுதுங்க” என்றார். அவர் அன்றைக்கு எண்ணியதுதான் எங்களைக் காப்பாற்றியது. மறைப்பும் மாடமும் இன்னும் ஒட்டாமல் இருந்தன.

கடையில் ஒரு பெட்டி கிடைத்தது. அதே கம்பெனி, அதே நிறப் பெயர். ஆனால் பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்ட ஷேட் எண் வேறு. குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் டைல்ஸாகட்டும், வேறு எங்கிருந்து வருவதாகட்டும், ஒவ்வொரு முறை சூளையில் சுடும்போதும் சாயல் கொஞ்சம் நகரும். அதற்காகத்தான் அந்த எண்ணையே போடுகிறார்கள். பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதியது ஒரு பிடி வெளுப்பு. ஐந்தையும் அங்கங்கே செருகியிருந்தால், வெள்ளை வேட்டியில் பழுப்பு ஒட்டுப் போட்ட மாதிரி ஐந்து இடமும் காலத்துக்கும் தெரிந்திருக்கும்.

செய்தது இதுதான். பைப் மறைப்பின் இரண்டு முகங்களையும் முழுக்கப் புதிய பெட்டியிலிருந்து நான்கு டைல்ஸ் எடுத்து ஒட்டினோம். மீதி ஒன்று மாடத்தின் உட்புறத்துக்கு. முகம் திரும்பும் இடத்தில் வெளிச்சம் எப்படியும் மாறும். சாயல் வித்தியாசத்தைக் கண் அந்த நிழல் மாற்றமாகவே எடுத்துக்கொள்கிறது. ஒரே தளத்தில் இரண்டு ஷேட் சேரவே இல்லை. இதுவரை அந்த அறையைப் பார்த்த யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

ஜாயின்ட்

இடைவெளி 2 மில்லிமீட்டர். வெள்ளை ஜாயின்ட் இந்தத் தண்ணீரில் ஒரு வருடத்தில் பழுப்பாகிவிடும் என்பதால், டைல்ஸைவிடக் கொஞ்சம் அடர்த்தியான சாம்பல் பச்சை. ஒரு பலகையில் நான்கு மீதித் துண்டுகளை ஒட்டி மூன்று நிறம் பூசிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். சிமென்ட் கலவைக்குப் பதில் எபாக்ஸி என்ற பிசின் கலவை. விலை பல மடங்கு. ஆசிட் ஊற்றும் பழக்கம் அந்த வீட்டில் ஒரே நாளில் போகாது என்று எனக்குத் தெரியும். சிமென்டை ஆசிட் தின்றுவிடும், எபாக்ஸியை அவ்வளவு சுலபத்தில் தொடாது.

எபாக்ஸியில் ஒரு சிக்கல் வந்தது. கெட்டியாவதற்குள் டைல்ஸ் முகத்தைத் துடைத்துவிட வேண்டும். ஷவர் பக்கச் சுவரில் மதியச் சாப்பாட்டு நேரம் குறுக்கே வந்து துடைப்பது தாமதமாகிவிட்டது. பகலில் ஒன்றும் தெரியவில்லை. இரவு விளக்குப் போட்டதும் மேகம் மாதிரி ஒரு படலம். அதற்கென்றே விற்கும் கிளீனரை வாங்கி வந்து, இரண்டு முறை தேய்த்து எடுத்தோம். பளபளப்பான டைலாக இருந்தால் இன்னும் எளிதாகப் போயிருக்கும். சாட்டின் மெருகு அதைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டது.

அறைக்குள் வந்த மற்ற பொருள்கள்

சுவர் ஒற்றை நிறமானதும் அதன் முன்னால் இருக்கும் ஒவ்வொரு பொருளும் பேச ஆரம்பித்தது. முதல் வாரம் மகள் அனுப்பிய கேள்வி: “ஏன் அந்தப் படத்தில் இருந்த மாதிரி இல்லை?” போய்ப் பார்த்தேன். ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பக்கெட், ஒரு நீலக் கப், ஆரஞ்சு நிற வைப்பர், பழைய மரப்பட்டை அச்சுப் போட்ட பிவிசி கதவு. பக்கெட்டும் கப்பும் நம் குளியலறைகளில் சுவருக்கு அடுத்த பெரிய நிறப் பொருள்கள். டைல்ஸுக்கு இரண்டு வாரம் யோசிக்கிறோம், இவற்றை யோசிப்பதே இல்லை.

வீட்டிலேயே பரணில் இருந்த எவர்சில்வர் பக்கெட்டும் சொம்பும் இறங்கி வந்தன. அம்மாவுக்குக் கனம் தூக்க முடியாது என்பதால் அவருக்கு மட்டும் ஒரு சின்ன வெளிர் பிளாஸ்டிக் பக்கெட். கதவை ஹாஃப் ஒயிட்டாக மாற்றினோம். துண்டு மாட்டப் பித்தளைக் கொக்கிகள் மூன்று, மகளின் படத்திலிருந்து மிஞ்சியவை. குழாய்களைப் பித்தளையில் போட நான் சம்மதிக்கவில்லை. இந்தத் தண்ணீரில் வாராவாரம் புளி போட்டுத் தேய்க்க யாருக்கும் முடியாது. கொக்கியில் தண்ணீர் படாது, அதனால் அது இருக்கட்டும் என்றேன்.

பதினான்கு மாதம் கழித்து

ஓதம் போய்விட்டது, படுக்கையறைச் சுவருக்கு மறுபடி பெயின்ட் அடித்தார்கள். டைல்ஸ் எதுவும் வெற்றோசை தரவில்லை.

ஷவர் பக்கம் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு உப்புப் படலம் இருக்கிறது. நின்று பார்த்தால் தெரியாது. குனிந்து பார்த்தால் தெரியும். வாரம் ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரில் துடைக்கிறார்கள். வேலைக்கு உதவ வந்தவர் ஒருமுறை பழக்கத்தில் ஆசிட் ஊற்றிவிட்டார். ஜாயின்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் தரை வடிகாலின் மூடி கறுத்துப் புள்ளி விழுந்தது. புகை பட்டு ஒரு குழாயின் மெருகும் மங்கியது. ஆசிட் பாட்டிலை அப்பா வீட்டிலிருந்தே எடுத்துவிட்டார்.

அம்மா இதுவரை வழுக்கவில்லை. கைப்பிடியைத் தேடுவதில்லை.

மாற்றிச் செய்வது

நட்டமாக, நடுவிலிருந்து பிரித்து வைக்கும் சுவருக்கு இனிச் சதுர அடியில் கணக்குப் போட மாட்டேன். சுவரை வரைந்து, ஒவ்வொரு துண்டையும் எண்ணி, அதன்மேல் ஒரு முழுப் பெட்டி கூடுதல். வாங்கும்போதே எல்லாப் பெட்டியிலும் ஷேட் எண்ணைப் பார்த்து ஃபோட்டோ எடுத்து வைப்பேன். இரண்டு டைலாவது வீட்டுப் பரணில் மிச்சம் இருக்க வேண்டும்; இந்த வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் வெளுத்த ஷேட்.

தரை டைல் தேவைக்கு மேல் சொரசொரப்பு. சோப்பு அழுக்கு குழிகளில் தங்குகிறது, பிரஷ் போட வேண்டியிருக்கிறது. அதே வழுக்காத தன்மையைக் கொஞ்சம் நயமான முகத்தில் தேடியிருக்கலாம். சின்ன அளவு டைல் என்பதால் ஜாயின்டுகளே நிறையப் பிடிப்புக் கொடுக்கின்றன. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஏழடியில் டைல்ஸை நிறுத்தியதும் சரியில்லை. கீசர் வெந்நீரின் ஆவி மேலே இருக்கும் ஒன்றரை அடிப் பெயின்டில் படிந்து, ஒரு மூலையில் உரியத் தொடங்கியிருக்கிறது. ஹாஃப் ஒயிட்டைக் கூரை வரை கொண்டுபோயிருந்தால் இன்னும் நான்கைந்து பெட்டிதான் ஆகியிருக்கும்.

கடைசியாகப் போனது அம்மாவுக்கு வலது கண்ணில் அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு மாதம் ஆன பிறகு. பெயின்ட் உரிந்த மூலையைப் பார்க்க உள்ளே போனேன். அம்மா வாசலில், அன்று நாற்காலி போட்ட அதே இடத்தில் வந்து நின்றார். சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “ஏங் கண்ணு, இது பச்சையா? நான் இத்தன நாளும் சாம்பல்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்” என்றார். பிடிச்சிருக்கா அம்மா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பரவாயில்லை, இது நல்லாத்தான் இருக்குது என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.